ஒன்பதாவது கோரிக்கை

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பன்னிரண்டு கோரிக்கைகளை முன்வைத்தார்கள். இந்தியருக்கும் சீனருக்கும் சமமான சம்பளம் வேண்டும். அடாவடி செய்யும் ஆசிய ஊழியர்களை நீக்கிவிட்டுத் தமிழ் தெரிந்தவர்களை வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான படிப்பு வேண்டும். ஐரோப்பியர்களும் 'கறுப்பு ஐரோப்பியர்களும்' தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தகாதபடி நடப்பது நிற்க வேண்டும். ஒழுங்கான மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பேசவும் கூட்டம் கூடவும் சுதந்திரம் வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். குறை சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது. சங்கம் அமைத்துக்கொள்ள அனுமதி வேண்டும்.

இதில் ஒன்றை விட்டுவிட்டேன். பட்டியலில் ஒன்பதாவதாக வருவது அது. துரைமார் முன்னாலும் ஆசிய ஊழியர்கள் முன்னாலும் தொழிலாளர்கள் சைக்கிளைவிட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும்.

சம்பளம், மருத்துவம், படிப்பு, பெண்களின் மானம் என்று போகும் ஒரு பட்டியலில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று முதல் வாசிப்பில் தோன்றலாம். நான் வார இறுதிகளில் சைக்கிள் ஓட்டுகிறவன். எங்கள் குழு பெரும்பாலும் ஷா ஆலாமிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ கிளம்பி காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூருக்குப் போகும். சில வாரம் ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம். கால் தெம்பாக இருந்தால் தஞ்சோங் காராங் தாண்டி செகிஞ்சான் வயல்வெளி வரை. அந்த வட்டாரத்தில் 1941இல் சைக்கிள் மிதித்த ஒருவர் எந்தெந்த இடத்தில் இறங்கியிருப்பார் என்ற கேள்வி, இந்த ஒன்பதாவது வரியைப் படித்த நாளிலிருந்து என்னோடு கூடவே வருகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் போன கதை.

டயரும் பால்மரமும்

சைக்கிளுக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு 1941க்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. தோட்டம் உண்டானதிலேயே சைக்கிளுக்குப் பங்கு உண்டு.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. ஆனால் அவற்றை வைத்து என்ன செய்வதென்று மலாயாவின் முதலாளிகளுக்கு ரொம்ப காலம் தெரியவில்லை. காப்பி நட்டார்கள், கரும்பு நட்டார்கள். சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி, பார்க்கிறவர்களிடமெல்லாம் ரப்பர் நடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் அவரைக் கிறுக்கன் என்றே பேசிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயர் ஒன்றைச் செய்து பார்த்தார். அதுவரை கெட்டி டயரில் முதுகெலும்பு அதிர ஓடிய சைக்கிள் அதன்பிறகு மெத்தென்று ஓடியது. 1890களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் தலைவிரித்தாடியது. ரப்பருக்குக் கிராக்கி வந்தது அப்போதுதான். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக முறையில் ரப்பர் நட்டார். கார் டயரும் அதனால் வந்த பெரும் ஏற்றமும் அதற்குப் பிந்திய கதை. டன்லப் பெயரில் உருவான கம்பெனியே பிறகு மலாயாவில் பெருந்தோட்டங்களுக்குச் சொந்தமானது.

ஆக, தமிழ்நாட்டிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட நம்ம ஆட்கள் விடியற்காலையில் வெட்டி இறக்கிய பாலின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று சைக்கிள். அந்தப் பால் கட்டியாகி, கப்பலேறி, டயராகி, மறுபடி மலாயாவுக்கு வந்தது. அதை விலை கொடுத்து வாங்கிய தொழிலாளி அதன்மேல் உட்கார்ந்து போகையில் துரை எதிரே வந்தால் இறங்க வேண்டும். ஒன்பதாவது கோரிக்கையின் பின்னணி இது.

ஞாயிற்றுக்கிழமைச் சவாரி

சைக்கிள் முதலில் கிராணிமார் கையில்தான் இருந்தது. கிராணி, டிரசர், பள்ளிக்கூட வாத்தியார் என்று மாதச் சம்பளக்காரர்களுக்கு அது தொழில் சாமான். துரைக்குக் குதிரை, பிறகு மோட்டார் வண்டி. தொழிலாளிக்கு நடை. ஆபிசுக்கு முன்னால் பெரட்டுக்களத்தில் இருட்டோடு நின்று பேர் கொடுத்துவிட்டு, காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்கு நடக்க வேண்டும். பால் எடுத்துத் திரும்பவும் நடை.

1930களில் ஜப்பானிலிருந்து மலிவான சைக்கிள்கள் மலாயாவுக்கு நிறைய வந்திறங்கின. இங்கிலாந்து ராலி வாங்க முடியாதவர்களுக்கு அது எட்டியது. அப்போதும் லேசான காரியம் இல்லை. தோட்டத்தில் ஆண்களின் நாள்கூலி 50 சென்ட்டைச் சுற்றியே நின்றது. பெண்களுக்கு அதைவிடக் குறைவு. வயிற்றுக்குப் போக மிச்சம் பிடித்துத்தான் ஒரு சைக்கிள்.

அந்தச் சைக்கிள் எதற்கு என்று யோசித்தால், வேலைக்கு என்பதைவிட ஓய்வுநாளுக்கு என்பதுதான் பொருத்தமான பதில். கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்கள் பலவும் பெரிய சாலையிலிருந்து மைல் கணக்கில் உள்ளே தள்ளி இருந்தவை. லயன் வீடு, கள்ளுக்கடை, கோயில், தோட்டக் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் தோட்ட எல்லைக்குள்ளேயே. தொழிலாளி வெளியே போகத் தேவையில்லாதபடி, சரியாகச் சொன்னால் போக முடியாதபடி, அமைந்த உலகம் அது. தோட்டம் தனியார் நிலம். வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடலாம். பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த அக்காவைப் பார்க்கத் தம்பி வந்தாலும் நிர்வாகத்தின் கண்ணுக்கு அவன் அந்நியன்.

இந்த இடத்தில் கோரிக்கைப் பட்டியலை மறுபடி பாருங்கள். ஏழாவது கூட்டம் கூடும் சுதந்திரம். எட்டாவது உறவினர் வந்துபோகும் அனுமதி. ஒன்பதாவது சைக்கிள். பத்தாவது வேலை நேரக் குறைப்பு. எட்டு மணி நேரத்தில் வேலை முடிந்தால் பொழுது மிஞ்சும். பொழுது மிஞ்சினால் சைக்கிளை எடுக்கலாம். சைக்கிளை எடுத்தால் உறவைப் பார்க்கலாம். நாலு பேரைப் பார்த்தால் பேசலாம். இந்த நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பட்டியலை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

தோட்டத்து ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்திருக்கும் என்பது தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். குளித்து எண்ணெய் தடவி, வெள்ளை வேட்டியின் ஓரம் செயினில் மாட்டாமலிருக்க மடித்துக் கட்டி, கேரியரில் ஒரு பிள்ளை, முன்பாரில் ஒரு பிள்ளை. டவுனில் சாமான், படம், சொந்தக்காரர் வீட்டில் சாப்பாடு. திருவிழாக் காலங்களில் தோட்டத்துத் திடலில் சைக்கிள் ஓட்டப்பந்தயமும் நடக்கும். மெதுவாக ஓட்டுகிற பந்தயத்துக்குத்தான் கூட்டம் அதிகம். கால் தரையில் படாமல் கடைசியாக வருகிறவனுக்குப் பரிசு. காலைத் தரையில் ஊன்றிவிட்டால் ஆட்டம் காலி.

இந்தச் சவாரியின் நடுவில்தான் 'இறங்குடா' வருகிறது. பொஞ்சாதி பிள்ளையோடு போகிற ஆள், எதிரே துரையோ கிராணியோ வந்தால் பிரேக் பிடித்து, பிள்ளையை இறக்கி, தானும் இறங்கி, ஓரமாக நிற்க வேண்டும். கூலியில் இரண்டு சென்ட் குறைந்தால் பெண்டாட்டிக்குத் தெரியாமல் சமாளித்துக்கொள்ளலாம். இது பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது நடப்பது.

இறங்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது

இதை வெள்ளைக்காரன் திமிர் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. கோரிக்கையின் வாசகத்திலேயே 'ஆசிய ஊழியர்கள்' என்ற சொல் இருக்கிறது. கிராணிகளில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழர்களும் அதிகம். துரையின் அதிகாரம் தொழிலாளியின் முதுகில் தினமும் இறங்கியது இவர்கள் வழியாகத்தான். துரையை மாதத்தில் நாலு தடவை பார்த்தால், கிராணியை நாளுக்கு நாலு தடவை பார்க்க வேண்டும். தொழிலாளர்கள் 'கறுப்பு ஐரோப்பியர்' என்ற சொல்லைச் சும்மா கண்டுபிடிக்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. இறங்கி நிற்பது தோட்டத் தொழிலாளிக்குப் புது அனுபவம் அல்ல. கப்பலேறி வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் மேல்சாதித் தெரு வழியாகச் செருப்பு போட்டு நடக்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, தோள்துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். 1930இல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் போட்ட தடைகளின் பட்டியலை ஜே.எச். ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே ஆடை கூடாது. சட்டை கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. சைக்கிள் கிராமத்துக்குள் வந்தபோது அதுவும் தானாகவே இந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. தலித்துகள் ஊர்த்தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற வழக்கம், சுதந்திரத்துக்குப் பல பத்தாண்டுகள் பிறகும் தமிழ்நாட்டுத் தீண்டாமை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

கங்காணி ஊரிலிருந்து ஆட்களை மட்டும் கூட்டி வரவில்லை. யார் முன்னால் யார் குனிய வேண்டும் என்ற கணக்கையும் கூடவே கொண்டுவந்தான். அந்தக் கணக்கு துரைக்கு வசதியாக இருந்தது. ஊர்த்தெரு இருந்த இடத்தில் தோட்டச் சாலை, பண்ணையார் இருந்த இடத்தில் துரை. உடம்பு ஏற்கெனவே பழகியிருந்த ஒன்றைப் புதிய எஜமானுக்கும் செய்தது.

அப்படியென்றால் 1941இல் அது ஏன் கசந்தது? பத்து, பதினைந்து ஆண்டுகளில் நிறைய மாறியிருந்தது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்', 1935இல் சிங்கப்பூரிலிருந்து கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' போன்ற பத்திரிகைகள் தோட்டத்துக்குள் வந்தன. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்கச் சுற்றிப் பத்துப் பேர் கேட்டார்கள். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து ஊர் ஊராகப் பேசிவிட்டுப் போனார். சுயமரியாதை என்ற சொல் இங்கேயும் புழக்கத்துக்கு வந்தது. இன்னொரு பக்கம் காந்தி, நேரு, காங்கிரஸ். 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவித்தொகையில் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தது. இனிமேல் 'நீ போனால் நூறு பேர் வருவான்' என்று மிரட்ட முடியாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறையும் அப்போது வயதுக்கு வந்திருந்தது. அவர்களுக்கு ஊர்த்தெரு என்பது அப்பா சொன்ன கதை மட்டுமே. இறங்கச் சொன்னால் 'ஏன்?' என்று கேட்கக்கூடியவர்கள்.

ஏப்ரலும் மேயும்

பால்மரம் இலை கொட்டுவது வருடத் தொடக்கத்தில், பிப்ரவரி, மார்ச் வாக்கில். அப்போது பாலும் குறையும். 1941இன் வேலைநிறுத்தங்கள் அந்த இலை கொட்டும் காலத்தை ஒட்டித் தொடங்கி, மரம் மறுபடி தழைத்த நாட்களில் உச்சத்துக்குப் போயின. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்கு நல்ல விலை. அரிசி விலையும் ஏறியது, கூலி மட்டும் ஏறவில்லை. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது.

'தமிழ் நேச'னில் பணியாற்றிய ஆர்.எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாகத் தொழிலாளர்களை ஒன்று திரட்டினார். முதல் கட்டத்தில் சம்பளம்தான் பிரதானம். சில சென்ட் உயர்வும் பஞ்சப்படியும் கிடைத்தன. அதோடு முடிந்திருக்கலாம். முதலாளிகளும் அரசாங்கமும் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் மே 5ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டதும் கிள்ளானில் மூண்ட தீ, கோலசிலாங்கூர் உட்பட சிலாங்கூரின் மற்ற வட்டாரங்களுக்கும் பரவியது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போகவில்லை. மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு ராணுவம் இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். மாதம் முடிவதற்குள் போராட்டம் அடக்கப்பட்டுவிட்டது.

இந்த இரண்டாவது கட்டத்தைப் பற்றி அன்றைய அதிகாரிகள் சொன்னது, இது கூலிப் பிரச்சினை அல்ல, அரசியல் தூண்டுதல் என்பது. ஒரு வகையில் அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. இது கூலிப் பிரச்சினை மட்டும் அல்லதான். கூலியை ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று பேரம் பேசி முடிக்கலாம். சைக்கிளிலிருந்து இறங்குவதை எத்தனை சென்ட்டுக்குப் பேரம் பேசுவது? பாதித் தூரம் இறங்குவது என்று ஒன்று கிடையாது. முதலாளிகளின் சங்கத்தால் ஒன்பதாவது கோரிக்கையைக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றே தெரிந்திருக்காது. அதை நிறைவேற்ற ஒரு காசு செலவில்லை. ஆனாலும் கொடுக்க மனம் வரவில்லை. தோட்டத்தின் முழு அதிகாரமும் அந்தச் செலவில்லாத மரியாதையில்தான் நின்றுகொண்டிருந்தது.

ரிம் சத்தம்

மே மாதம் போராட்டம் ஒடுங்கியது. டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர்கள் கோத்தா பாருவில் இறங்கினார்கள். வந்த படையின் பெரும் பகுதி சைக்கிளில் வந்தது.

படைப்பிரிவு ஒன்றுக்குச் சுமார் 6,000 சைக்கிள்கள் இருந்ததாக, யாமாஷிதாவின் 25ஆவது படையில் திட்டங்களை வகுத்த கர்னல் மசனோபு சுஜி எழுதியிருக்கிறார். போருக்கு முன்பே ஜப்பான் சைக்கிள்கள் மலாயா முழுக்க விற்பனையாகியிருந்ததால் மாற்றுச் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. ஊர் மக்களிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டார்கள். வெயிலில் டியூப் வெடித்தால் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே தார்ச்சாலையில் ஓட்டினார்கள். இரவில் நூற்றுக்கணக்கான ரிம்கள் உருளும் சத்தம் கேட்டுக் கவச வண்டிகள் வருவதாகப் பிரிட்டிஷ் தரப்பு நினைத்ததும் உண்டு என்கிறார் சுஜி. உலகத்துக்கே ரப்பர் கொடுத்த நாட்டை ரப்பர் இல்லாத சக்கரத்தில் வந்து பிடித்தார்கள்.

1942 ஜனவரி முதல் வாரத்தில் போர் கோலசிலாங்கூருக்கே வந்தது. பேராக் கரையோரமாகப் படகுகளில் வந்த ஜப்பானியர்களை ஜனவரி 2ஆம் தேதி கோலசிலாங்கூரில் பீரங்கியால் விரட்டினார்கள். அது இரண்டு மூன்று நாளைக்குத்தான் பலித்தது. தரை வழியாகவும் வந்துவிட்டார்கள். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் சண்டை நடந்தது. 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. துரைமார் குடும்பத்தோடு தெற்கே ஓடினார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் 'இறங்கு' என்று சொன்ன ஆள் இப்போது சாலையில் இல்லை.

ஆனால் 'இறங்கு' என்ற சொல் போகவில்லை. ஜப்பான் காவல்சாவடி முன்னால் போகிறவர்கள் சைக்கிளைவிட்டு இறங்கி, இடுப்பு வளையக் கும்பிட வேண்டும். மறந்தால் கன்னத்தில் அறை. துரைக்கு முன்னால் ஓரமாக நின்றால் போதும். இங்கே குனியவும் வேண்டும். தோட்டத்திலிருந்து சயாமுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன காலத்தில் சாலைக்கு வருவதே உயிரோடு விளையாடுவது. ரயில் போடப் போன பல்லாயிரம் தமிழர்கள் திரும்பி வரவில்லை.

1948இல் மறுபடியும் அவசரகாலம். தோட்டத்துக்கு முள்வேலி, இரவில் ஊரடங்கு, காட்டுக்குள் இருந்தவர்களுக்கு உணவு போகக்கூடாது என்று அரிசிக்குக் கட்டுப்பாடு. வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். சைக்கிள் பம்புக்குள்ளும் சட்டக் குழாய்க்குள்ளும் அரிசி ஒளித்துக் கொண்டுபோவதாகச் சந்தேகம். எனவே இறங்கு, சைக்கிளைத் தலைகீழாக வை, பம்பைக் கழற்று. பத்து வருடத்துக்குள் மூன்றாவது எஜமான், அதே சொல்.

தோட்டத் தொழிலாளியின் சைக்கிள் வரலாற்றை எழுதினால் அது இந்த மூன்று இறக்கங்களின் வரலாறாகத்தான் இருக்கும். முதலாவது மரியாதையின் பெயரால், இரண்டாவது வெற்றியின் பெயரால், மூன்றாவது பாதுகாப்பின் பெயரால். முதலாவதை எதிர்த்துத்தான் எழுத்தில் ஒரு கோரிக்கை வைக்க முடிந்தது. மற்ற இரண்டின் எதிரே துப்பாக்கி இருந்தது.

தெனமாரம் சாலை

சுதந்திரத்துக்குப் பிறகு துரை பழுப்பு நிறமானார். தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டன. மிஞ்சியவற்றில் ரப்பர் வெட்டி செம்பனை நட்டார்கள். இதிலும் நம்ம வட்டாரத்துக்கு ஒரு முதலிடம் உண்டு. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தெனமாரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், அது தென்னைமரம். போட்டவர் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். இந்த வட்டார வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'மலேசி' நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. தமிழ்த் தொழிலாளர்கள் அதில் வருகிறார்கள். அந்தத் துரை தமிழும் மலாயும் தெரிந்தவர், தொழிலாளர்களைப் பரிவோடு பார்த்தவர். ஆனாலும் நாவலில் பார்க்கும் கண் துரையினுடையது. அந்தப் பார்வையின் எதிர்ப்புறத்தில் நின்றவர்கள் எழுதிய பக்கங்களைத் தேடினால், பன்னிரண்டு வரிகள் கொண்ட இந்தக் கோரிக்கைப் பட்டியல் முக்கியமான ஒன்றாகக் கிடைக்கிறது.

பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. தோட்டத்துச் சைக்கிளின் இடத்தைக் கப்சாய் மோட்டார் சைக்கிள் பிடித்தது. பிறகு ஆட்களே போனார்கள். புக்கிட் தாகார், சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், மேரி, மின்யாக் என்று இந்த வட சிலாங்கூர் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் ஒரு வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் அலைந்த கதை பத்திரிகை படிக்கும் எல்லோருக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடத்திலிருந்து முழுசாகவே இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள்.

அந்தச் சாலைகளில் இப்போது வார இறுதியில் நாங்கள் போகிறோம். 1996இல் லங்காவி சுற்று தொடங்கியதும் பந்தய சைக்கிள் நாட்டில் கௌரவமான விளையாட்டானது. 2017இல் அசிசுல்ஹஸ்னி அவாங் கெய்ரின் உலக வெற்றியாளரானபோது இன்னும் கூடியது. நமக்குக் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது, வருடம் முழுக்க வெயில்தான். அதனால் இருட்டோடு கிளம்பி, பத்து மணிக்குள் திரும்பப் பார்ப்போம். கோலசிலாங்கூர்ப் பக்கம் ஏற்றம் இறக்கம் இல்லாத தட்டைப் பூமி. முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் வருகிறவர்கள் அவர் மறைவில் ஒட்டிக்கொண்டு போகலாம். எங்களில் சிலர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய சைக்கிளின் விலை, அவர்களுடைய அப்பா தோட்டத்தில் எடுத்த வருடச் சம்பளத்தைவிட அதிகம். தலைக்கவசம், கண்ணாடி, பளபளக்கும் சட்டை. போலீஸ்காரர்கூட எங்களை நிறுத்துவதில்லை.

ஆனால் செம்மண் போட்ட தோட்டப் பாதையில் இன்னமும் வேலைக்குச் சைக்கிளில் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். பங்களாதேஷிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். செம்பனைக் குலை அறுக்கும் நீளக் கம்பைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டுவதே ஒரு வித்தை. ஒருநாள் காலை ஈஜோக் பக்கத்தில் எங்கள் கூட்டம் வருவதைப் பார்த்து ஒருவர் சைக்கிளைவிட்டு இறங்கி, கம்போடு ஓரமாக நின்றார். பாதை குறுகல், நாங்கள் பதினைந்து பேர். வழிவிட இறங்கியிருக்கலாம். எங்கள் குழுவில் இருந்த ஒரு பெரியவர், தோட்டத்தில் பிறந்தவர், பெடலை நிறுத்திக் கையை உயர்த்தி, "எறங்க வேணாம்யா, நீங்க போங்க" என்று தமிழிலேயே சொன்னார். அந்த ஆளுக்குத் தமிழ் புரிந்திருக்காது. சிரித்தார், ஆனால் ஏறவில்லை. நாங்கள் எல்லோரும் கடந்த பிறகுதான் ஏறினார்.

அன்று தேநீர்க் கடையில் அந்தப் பெரியவரிடம் ஒன்பதாவது கோரிக்கையைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "சம்பளத்துக்கு முன்னாடி அதத்தான் எழுதியிருக்கணும்" என்றார்.

நான் அப்படி நினைக்கவில்லை. சம்பளம் முதலில் வந்ததுதான் சரி, பசிக்கிறவனுக்கு வரிசை தெரியும். சைக்கிள் ஒன்பதாவதாக வந்ததும் சரிதான். ஆனால் பன்னிரண்டுக்குள் அது வந்தது, யாரும் 'இதெல்லாம் ஒரு கோரிக்கையா' என்று வெட்டிவிடவில்லை. அரிசி விலை ஏறிய வருடத்தில், படிப்பறிவில்லாத கூலிகள் என்று சொல்லப்பட்டவர்கள், தங்களுக்கு வேண்டியவற்றில் அதுவும் ஒன்று என்று எண்ணி எழுத வைத்தார்கள்.

கோலசிலாங்கூருக்கு வரும் பயணிகளுக்குப் புக்கிட் மலாவதியில் டச்சுக்காரர்களின் பீரங்கிக் கதை சொல்லப்படுகிறது. 1907ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் காட்டப்படுகிறது. இரவில் கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சிகள். நான் பார்த்தவரை, 1941ஐப் பற்றி அங்கே ஒரு பலகைகூடக் கிடையாது. பலகை வைக்கிற அதிகாரம் எங்கள் குழுவுக்கு இல்லை. ஆனால் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வழி சொல்லும்போது, இங்கே வளைவு, இங்கே குழி, இங்கே லாரி வரும் என்று சொல்வதோடு, இந்தச் சாலையில் இறங்காமல் போவதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதையும் இப்போது சேர்த்துச் சொல்கிறோம்.